அப்பாவைப் பெத்தவங்க யாரு?

1/ சமீபத்தில் ஓபிக்கு ஒரு பொண்ணு வந்தாங்க. வயசு முப்பதுக்குள்ள. (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"அப்பா 42 வயசுல மாரடைப்புல தவறிட்டாரு டாக்டர். எனக்கும் வருமா?"

"தாத்தா, பாட்டிக்கு இதய நோய் இருந்துச்சாம்மா?"

"தெரியாது. அப்பா தத்துப்பிள்ளைன்னே காரியம் முடிஞ்சு பீரோவை ஒழிக்கும்போதுதான் தெரிஞ்சுது."

2/ இங்கே பக்கத்தில் பல்லாவரம் காப்பகம் ஒன்றிலிருந்து 1970களில் டென்மார்க்குக்குத் தத்துப் போன ஒருவர், சுமார் 40 வருஷம் கழித்து 2019ல் சென்னையிலேயே தன் தாயைக் கண்டுபிடித்தார். செய்தியைப் படித்திருப்பீர்கள். அவர் உயிரோடு இருந்தார், அவரே தேடினார். அதுதான் வித்தியாசம்.

3/ தத்தெடுப்பு விதிமுறைகள் 2022ன்படி, 18 வயது நிறைந்த தத்துப்பிள்ளை தன் வேர்களைத் தேடி மத்திய ஆணையமான காராவிடம் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மூன்றாம் நபர் தேட அனுமதி இல்லை. தத்துப்பிள்ளை இறந்துவிட்டால் அவர் பிள்ளைகளுக்கென்று தனி வழியும் அதில் இல்லை.

4/ இந்தத் தடையில் நியாயம் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி பெத்துக் கொடுத்துட்டு, இன்னிக்கு வேற குடும்பத்தில் வாழுற அம்மா வீட்டு வாசலில் பேரன் பேத்தி திடீர்னு போய் நிக்கக் கூடாது. ஒத்துக்கறேன்.

5/ ஆனா அந்தப் பொண்ணு கேட்டது பேரோ முகவரியோ இல்லை. பரம்பரை வியாதி உண்டாங்கிறது மட்டும்தான். பெயரை மறைத்து, கோப்பில் உள்ள மருத்துவ விவரத்தை மட்டும் இறந்தவரின் பிள்ளைகளுக்குத் தரலாமே? விதியில் இந்த ஒரு திருத்தம் வேண்டும் என்பது என் கருத்து.

6/ அதுவரைக்கும்:

தத்தெடுத்தவங்க: பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லுங்க. காகிதங்களைப் பத்திரமா வைங்க.

தத்துப்பிள்ளைகள்: தெரிஞ்சுக்க ஆசையிருந்தா இப்பவே விண்ணப்பிங்க. உங்களுக்குப் பிறகு உங்க பிள்ளைகளால முடியாது.

7/ அப்பாவை இழந்த பிள்ளைகள்: அவர் வயசுல பாதி வரைக்கும் காத்திருக்காதீங்க. பரம்பரையா வர்ற அதிக கொலஸ்ட்ரால் அப்பாவுக்கு இருந்திருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50% வாய்ப்பு. ரத்தத்தில் எல்டிஎல் 190க்கு மேல இருந்தா அதைச் சந்தேகிப்போம். மருந்து இருக்கு.

8/ அந்தப் பொண்ணுக்கும் இந்த டெஸ்ட்தான் எழுதினேன். எல்டிஎல் 212. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. தம்பியையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்.

தாத்தா யாருன்னு இன்னும் தெரியாது. அவர் விட்டுட்டுப் போனது இதுவா இருக்கலாம்.