முழுப் பயணத்துக்கும் யார் பொறுப்பு?

சென்னைக்குள் ரயிலில் செல்ல மூன்று வழிகள் உள்ளன. 1931-இல் கடற்கரை–தாம்பரம் தடத்தில் தொடங்கிய மின்சார ரயில் முதலாவது. 1995-இல் சேப்பாக்கம் வரையிலும் 2007-இல் வேளச்சேரி வரையிலும் வந்த பறக்கும் ரயில் அடுத்தது. இவ்விரண்டையும் தொடங்கி நடத்திவந்தது ரயில்வே. மூன்றாவதான மெட்ரோ, மத்திய மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய அதன் முதல் கட்டத் தடம் இன்று சுமார் 54 கி.மீ. நீளம். ஒவ்வோர் அமைப்பும் தன் தண்டவாளம், தன் நிலையம், தன் வருவாய் ஆகியவற்றுக்குக் கணக்குச் சொல்கிறது. ஆவடியில் கிளம்பி விமான நிலையம் போகிறவருக்கோ இருப்பது ஒரே பயணம். அந்த முழுப் பயணத்துக்கும் பொறுப்பாளி என்று யாரையும் காட்ட முடியவில்லை. இதற்கென்றே சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட கும்டா எனப்படும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அந்தப் பொறுப்பை ஏற்றாக வேண்டும்.

வண்டி மாறுவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஆலந்தூரே சான்று. மெட்ரோவின் நீலத் தடமும் பச்சைத் தடமும் அங்கே ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக அமைந்துள்ளன. லிப்ட் உண்டு, நகரும் படிக்கட்டு உண்டு. மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. ஒரே நிறுவனம் திட்டமிட்டதால் இது எளிதாக முடிந்தது.

சென்ட்ரலில் நிலைமை வேறு. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து வரும் மின்சார ரயில்களில் பெரும்பாலானவை மூர் மார்க்கெட் வளாகத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து தாம்பரம் போக, பெரியார் ஈ.வெ.ரா. சாலையைக் கடந்து பூங்கா நிலையத்துக்குச் செல்ல வேண்டும். திருமயிலை போக வேண்டியவர் பூங்கா நகர் என்ற இன்னொரு நிலையத்தைத் தேட வேண்டும். மெட்ரோ நிலத்தடியில் இருக்கிறது. நடந்தே போகக்கூடிய தொலைவில் நான்கு நிலையங்கள். அவற்றில் இரண்டின் பெயர்கள் புதிதாக வருபவரைக் கட்டாயம் குழப்பும். மெட்ரோவின் சுரங்க நடைபாதை வந்தபின் சாலையைக் கடப்பது முன்பைவிடப் பாதுகாப்பாகியிருக்கிறது, அது நல்ல மாற்றம். ஆனாலும் எந்த வாயிலில் ஏறினால் எந்த வண்டிக்குப் போகலாம், எந்த வழியில் படிகள் இல்லை என்பதை நான்கு நிலையங்களுக்கும் பொதுவாகச் சொல்லும் ஏற்பாடு வேண்டும்.

இந்த இடம் சாதாரணமானது அன்று. பூங்கா நிலையத்தை ஒட்டியே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. காலில் கட்டுப் போட்டவர், டயாலிசிஸ் முடிந்து தளர்ந்து திரும்புகிறவர், நோயாளியைத் தாங்கிப் பிடித்து வரும் உறவினர் என்று படி ஏற முடியாதவர்கள் நாள்தோறும் வந்துபோகும் சந்திப்பு இது. நகரத்தில் படியில்லா வழி முதலில் எங்கே முழுமையாக இருக்க வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் இந்த இடத்தைச் சொல்லிவிடலாம்.

அடுத்தது கட்டணம். மெட்ரோவில் 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, முதல் 2 கி.மீ.க்கு 10 ரூபாய், 5 கி.மீ. வரை 20, 12 கி.மீ. வரை 30, 21 கி.மீ. வரை 40, அதற்கு மேல் எவ்வளவு தொலைவானாலும் 50 ரூபாய். மின்சார ரயிலின் சாதாரணப் பெட்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 2025-இல் அறிமுகமான குளிர்சாதன மின்சார ரயிலில் அது 35 ரூபாய். தொலைவு கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான செலவு குறைவதுதான் இந்தப் பட்டியல்களின் அடிப்படை. ஆனால் ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் கணக்கு முதல் கிலோமீட்டரிலிருந்து தொடங்குகிறது. ரயில்வேயின் சீசன் டிக்கெட் மெட்ரோ வாயிலில் செல்லாது. ஆக, வண்டி மாற வேண்டியிருப்பதற்காகவே பயணி கூடுதலாகச் செலுத்துகிறார். நேரடி ரயில் இல்லாத இடத்தில் குடியிருப்பது அவர் குற்றமா?

இதில் பெண்களின் நிலையைத் தனியே பார்க்க வேண்டும். 2021 முதல் மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. பேருந்தில் இலவசமாகப் போகலாம் என்னும்போது இரண்டு டிக்கெட் வாங்கி ரயிலில் போவது, வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் செல்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நேரம் அதிகமானாலும் அவர்கள் பேருந்தில்தான் நிற்பார்கள். இலவசப் பேருந்திலிருந்து இறங்கி மெட்ரோவில் ஏறுபவருக்குச் சிறு சலுகையாவது தரப்பட்டால், மிச்சமாகும் அந்த நேரம் அவர்களுக்கே கிடைக்கும்.

2025 செப்டம்பரில் அறிமுகமான ‘சென்னை ஒன்’ செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு ஒரே கியூஆர் குறியீட்டில் டிக்கெட் பெறலாம். வரிசையில் நிற்கும் சிரமத்தை அது குறைத்திருக்கிறது, பாராட்டத்தக்கது. ஆனால் பயணத்தின் துண்டுகளைக் கூட்டி வரும் தொகையை ஒரே சீட்டில் அச்சிடுவது கட்டண ஒருங்கிணைப்பு ஆகிவிடாது. சிங்கப்பூரில் 2010 முதல் பேருந்தும் ரயிலும் சேர்ந்த மொத்தத் தொலைவுக்கே கட்டணம் கணக்கிடப்படுகிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் மாறினால் புதிதாகத் தொடக்கக் கட்டணம் கிடையாது. அங்கே நடத்துபவை வெவ்வேறு நிறுவனங்கள்தாம். வருவாயைப் பிரித்துக்கொள்வது அவற்றின் வேலை, அந்தச் சிக்கல் பயணியின் பையைத் தொடுவதில்லை.

படியில்லா வழி என்பது லிப்ட் எண்ணிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் வரைபடம் நிலையங்களை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டுகிறது: தெருவிலிருந்து நடைமேடை வரை படியின்றிப் போகக்கூடியவை, தெருவிலிருந்து வண்டிக்குள்ளேயே போகக்கூடியவை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்த வேறுபாடே எல்லாம். சென்னை மெட்ரோவில் நடைமேடையும் பெட்டியின் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டம், அதனால் அது இரண்டாம் வகை. மின்சார ரயிலின் தரை நடைமேடையைவிட உயரம். லிப்ட் வைத்த புறநகர் நிலையமும் நடைமேடை வரைதான் உதவும். பறக்கும் ரயில் நிலையங்கள் மிக உயரத்தில் இருப்பதால், லிப்ட் நின்ற நாளில் அவை முதியவர்களுக்கு எட்டாத இடங்களாகிவிடுகின்றன. இந்த விவரங்கள் கிளம்புவதற்கு முன்பே தெரிய வேண்டும். எந்த நிலையத்தில் எந்த லிப்ட் இப்போது ஓடவில்லை என்பதைச் செயலி காட்ட வேண்டும், அதற்கேற்ப மாற்று வழியையும் சொல்ல வேண்டும். வழியில் ஒரே ஒரு லிப்ட் பழுதானாலும், மற்ற இடங்களில் இருக்கும் வசதி அத்தனையும் அந்தப் பயணிக்கு வீண்.

இது கருணையால் தரும் சலுகை என்ற எண்ணம் நிர்வாகத்தில் இன்னும் மறையவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ரயில் நிலையங்களையும் நடைமேடைகளையும் பொதுக் கட்டடங்களாகவே வரையறுக்கிறது. விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் ஏற்கெனவே உள்ளவற்றை அணுகத்தக்கவையாக்க வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூன், கெடு முடிந்தது 2022 ஜூன். அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருக்க முடியாது, கட்டாயமானவை வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். கர்ப்பிணிகளும் முதியவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் இந்தக் கணக்கில் இல்லை.

பழைய நிலையங்களை மாற்றியமைக்கச் செலவாகும், புறநகர் ரயில் ஏற்கெனவே நட்டத்தில் ஓடுகிறது என்பது ரயில்வே தரப்பின் வழக்கமான பதில். செலவு உண்மைதான். ஆகவேதான் எதை முதலில் செய்வது என்பது முக்கியமாகிறது. சென்ட்ரல்–பூங்கா, எழும்பூர், கிண்டி, பரங்கிமலை போன்ற சந்திப்புகளை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி நிலையமொன்றைச் சீர்செய்தால் அந்த ஊருக்கு நன்மை, சந்திப்பொன்றைச் சீர்செய்தால் அதன் வழியே போகும் எல்லாத் தடங்களுக்கும் நன்மை.

கும்டாவுக்கு முதலமைச்சரே தலைவர். பறக்கும் ரயிலை மெட்ரோவோடு இணைக்க ரயில்வே வாரியம் 2025-இல் கொள்கையளவில் ஒப்புதல் தந்திருக்கிறது. இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. சந்திப்பு நிலையங்களின் லிப்ட், வழிகாட்டிப் பலகை, நடைபாதை ஆகியவற்றை எந்த நிறுவனத்துக்குச் சொந்தமானாலும் ஒரே பராமரிப்பு ஒப்பந்தத்தின் கீழ் கொண்டுவர வேண்டும். மாறிச் செல்பவரிடம் இரண்டாவது தொடக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. அதனால் ரயில்வேக்கும் மெட்ரோவுக்கும் ஏற்படும் இழப்பை கியூஆர், பயண அட்டைப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டு மாநில அரசு ஈடுசெய்யலாம். 118.9 கி.மீ. நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் திருமயிலை, பறக்கும் ரயிலைச் சந்திக்கும் ஆழமான நிலையமாக அமைகிறது. அந்த நிலத்தடி நடைமேடையிலிருந்து மேலே பறக்கும் ரயில் நடைமேடை வரை படியின்றிச் செல்லும் வழி தயாரான பிறகே அதற்குத் திறப்பு விழா நாள் குறிக்கப்பட வேண்டும்.