ஈறும் இதயமும்

பல் துலக்குவதற்கும் இதயத்திற்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இதய வால்வில் பழுதுள்ள பெண் கருவுற்றிருக்கும்போது அது உயிர் சம்பந்தப்பட்ட உறவு என்பேன்.

பெயரைக் கேட்டாலே வேப்பங்குச்சியை நினைவூட்டும் நம் வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன. எந்த மொழி பேசும் வீடாயினும் நான் கேட்ட பேச்சு ஒன்றுதான்: "பிள்ளைத்தாய்ச்சிக்கு ஈறில் இரத்தம் வருவது சகஜம், பிரசவமானால் சரியாகிவிடும்." இதில் பாதி உண்மை. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் பெருகுவதால் ஈறு சிவந்து வீங்கி, தொட்டாலே கசிகிறது. ஆனால் மூலகாரணம் பல்லடியில் படியும் அழுக்கே; ஹார்மோன் அதன் விளைவை ஊதிப் பெரிதாக்குகிறது. இரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தினால் அழுக்கும் கூடும், கசிவும் கூடும்.

அந்தப் புண் வழியே வாய்க்கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. பழுதில்லாத இதயத்தில் அவை பெரும்பாலும் தங்குவதில்லை. சிறு வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு தடித்துப்போனவளுக்கோ, அவை அங்கேயே ஒட்டிக்கொண்டு பெருகலாம். எண்டோகார்டைட்டிஸ் எனும் அந்நோய் அரிதுதான். வந்தால் தாய், சேய் இருவர் உயிரையும் கேட்கும். கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் கூடுவதால், பழுதுற்ற வால்வு ஏற்கெனவே திணறும் காலம் அது.

உலோக வால்வு பொருத்தியவர் நிலை இன்னும் சிக்கலானது. இரத்தம் உறையாதிருக்க அவர்கள் மருந்து எடுத்தாக வேண்டும். ஈறு கசிந்ததும் பழியை மருந்தின் மேல் போட்டுத் தாமாகவே நிறுத்தினால், வால்விலேயே இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும்.

வால்வு நோயாளிக்குப் பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக் கொடுப்பதே காப்பு என்று வெகுகாலம் கருதப்பட்டது. 2007இல் அமெரிக்க இதயச் சங்கம் அதனைச் செயற்கை வால்வு உடையோர், முன்பே எண்டோகார்டைட்டிஸ் கண்டோர் முதலிய மிக அபாயமுள்ளோருக்கு மட்டும் என்று சுருக்கியது. அன்றாட வாய்த் தூய்மையே முக்கியம் என்றது. என் வாதமும் அதுதான். தினம் இருமுறை துலக்குவதற்கு யாரும் பெங்களூர் போக வேண்டியதில்லை.

பல் டாக்டரிடம் ஊசி போட்டால் கருவுக்கு ஆகாது என்று தடுக்கும் பெரியவர்களும் உண்டு. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசியைக் கர்ப்பத்திலும் போடலாம். காரை எடுக்க 4 முதல் 6ஆம் மாதம் வரை வசதியான காலம். வால்வு நோய் இருப்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து வாசலுக்கே வரும்போது, அந்த வாசலில் நிற்கும் கர்ப்பிணியை "வாயைத் திறம்மா" என்று பார்க்க எவ்வளவு நேரமாகும்? கிராம சுகாதார செவிலியர் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். அக்காளிடமோ அண்ணியிடமோ நாமும் கேட்கலாம். ஈறில் இரத்தம் வருகிறதா? சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, மூன்று வாரத்திற்கொருமுறை பென்சிலின் ஊசி போட்டதுண்டா? இரண்டாவதற்கு ஆம் என்றாலே இதயப் பரிசோதனை. இரண்டிற்கும் ஆம் என்றால், அதே வாரத்தில் பல் மருத்துவரிடமும்.