ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு



இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காசநோய் முற்றிப்போய் ஒருவர் படுத்துவிட்டால் நாம் அவரைத்தான் கடிந்துகொள்கிறோம். ‘இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்? முன்பே போய்க் காட்டியிருக்கக் கூடாதா?’ பல வீடுகளில் அவர் முன்பே போய்க் காட்டியிருக்கிறார் என்பதுதான் வேதனை.

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2014-ல் வெளிவந்தது. நோயின் அறிகுறி தொடங்கியதிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை ஏறத்தாழ 55 நாள் ஆகிறது என்றது அது. நோயாளி தானாகத் தள்ளிப்போட்டது அதில் சுமார் 18 நாள். முதல் முறை ஒருவரிடம் போய்க் காட்டிய பிறகு, வந்திருப்பது காசநோய் என்று தெரிவதற்கு 31 நாள். அதற்குள் அவர் இரண்டு மூன்று பேரிடம் ஏறி இறங்கிவிடுகிறார்.

அந்த ஒரு மாதம் எப்படிப் போகிறது என்று நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். முதலில் மெடிக்கலில் ஒரு இருமல் டானிக். பிறகு தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி, ஐந்து நாளைக்கு மாத்திரை. அந்த மாத்திரை லெவோஃப்ளாக்சசின் வகையாக இருந்துவிட்டால் சிக்கல் கூடுகிறது. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கிவைக்கும். காய்ச்சல் தணிந்து, பசி எடுத்து, ‘குணமாகிவிட்டது’ என்று மனிதர் வேலைக்குத் திரும்புவார். சில வாரத்தில் இருமல் மறுபடி வரும். இதற்கிடையே வீட்டிலுள்ள குழந்தைகள் அதே காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மும்பையிலும் பாட்னாவிலும் தனியார் மருத்துவர்களிடம், பயிற்சி பெற்றவர்களைக் காசநோயாளிகளைப் போல ஆய்வாளர்கள் அனுப்பிப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. 2,602 சந்திப்புகளில் முறையாகக் கையாளப்பட்டவை 35 சதவீதம்தான். மருத்துவர்களுக்குப் படிப்பு போதாது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஓ.பி. நேரத்தில் வரிசை வாசல்வரை நிற்க, வருகிறவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டே வர, ‘எத்தனை நாளாக இருமல்?’ என்று நிறுத்தி நிதானமாகக் கேட்பதற்கு ஒரு நிமிடம் வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை மருத்துவருக்கு ஏற்படுத்திக் கொடுப்பது அரசின் வேலை.

அவர் கேட்டு, சளிப் பரிசோதனை எழுதிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கையில் ஒரு சிறிய டப்பா வரும். நெஞ்சின் ஆழத்திலிருந்து, மூச்சை இழுத்து இருமி எடுக்க வேண்டிய சளி அது. இதைப் பொறுமையாகச் சொல்லித் தர ஆள் இல்லாத இடங்களில் டப்பாவுக்குள் எச்சில்தான் விழுகிறது. பரிசோதனையும் வீணாகிறது. நாலு பேர் பார்க்க நின்று இருமித் துப்ப ஒரு இளம்பெண்ணுக்குக் கூச்சமாக இருக்காதா? கட்டடத்துக்குப் பின்னால் காற்றோட்டமான ஒரு மறைவிடம் ஒதுக்கப் பெரிய செலவு ஒன்றுமில்லை. மறுநாள் விடிந்ததும் எடுக்கும் சளியையும் கொண்டுவரச் சொல்வார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது இன்னொரு நாள் சம்பளம். அன்றைக்கு லேப் டெக்னீஷியன் விடுப்பில் இருந்தால் அதுவும் போயிற்று.

‘நெகட்டிவ்’ என்று வரும் சீட்டும் எல்லா நேரமும் நம்பத் தகுந்ததல்ல. மைக்ரோஸ்கோப்பில் தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லிலிட்டர் சளியில் கிருமிகள் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். நோயின் தொடக்கத்திலும், குழந்தைகளுக்கும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அவ்வளவு இராது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால் காசநோயாளிகளில் சுமார் 43 சதவீதம் பேர் தவறிப்போயிருப்பார்கள் என்று தெரியவந்தது. ஆனால் எக்ஸ்ரே எடுக்கப் பெரும்பாலும் தாலுகா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற வேண்டும். மைக்ரோஸ்கோப்புக்கு மாற்றாக, கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்ற கருவி இருக்கிறது, அது பேட்டரியில் ஓடும். கிருமியின் மரபணுவையே தேடிப் பார்த்து, சில மணி நேரத்தில் முடிவு சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே அதைப் பரிந்துரைத்துவிட்டது. அது ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும், அதில் போடும் பரிசோதனைச் சிப் தீர்ந்துபோகாமலும் இருக்க வேண்டும்.

காசநோய் என்று தெரிந்த பிறகு சானடோரியத்தில் படுத்தே ஆக வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. அதே தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதுமே எடை, ஆக்ஸிஜன் அளவு, தாங்கலில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, நிலைமை மோசமானவர்களை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் நிற்கவும் முடியாத நிலையில் ஒருவர் கண்டுபிடிக்கப்படுகிறார் என்றால், அதற்கு முன் அவர் எத்தனை இடங்களில் காட்டியிருப்பார் என்பதையும் அதே படிவத்தில் கேட்டு எழுதினால், எங்கே ஓட்டை என்று அந்தந்த மாவட்டத்துக்கே தெரிந்துவிடும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரமாக இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால், மருத்துவர் கேட்கக் காத்திருக்க வேண்டாம். ‘இத்தனை நாளாக இருமல், சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேவும் எழுதித் தாருங்கள்’ என்று நீங்களே சொல்லுங்கள். முன்பு சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். சந்தேகம் இருந்தால் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 11 6666. ஆரம்ப சுகாதார நிலையங்களில் உங்களுக்கு நேர்ந்ததை, நல்லதோ கெட்டதோ, எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமலே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்