வானொலி வண்டி நம்ம தெருவுக்கு வருமா?



பாலுசெட்டி சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் திருப்புட்குழி. புள் என்றால் பறவை. ராமபிரான் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த தலம் என்பது ஐதீகம். சிறகு வெட்டுப்பட்டும், சீதையைத் தூக்கிப் போனவன் யார், எந்தத் திசையில் போனான் என்று சேதி சொல்லும் வரை உயிரைப் பிடித்து வைத்திருந்ததே அந்தப் பறவை! அதுதான் சேதி சொல்பவனின் கடமை. நம் உள்ளூர் வானொலிகள் இந்தக் கடமையைச் செய்கின்றனவா? சற்றுச் சிந்திப்போம்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால், காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை வாசலில் பண்பலை நிலையம் ஒன்றின் வண்டி வந்து நின்றது. பெரிய ஸ்பீக்கர், வண்ண வண்ண பலூன், ஒரே கூட்டம். "இந்தப் பாட்டு எந்தப் படம்?" என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னவருக்கு ஒரு கீ செயின். சேலை வாங்க வந்தவர்களிடம் "பட்டுன்னா என்ன கலர் பிடிக்கும்?" என்று மைக்கை நீட்டினார்கள். நெய்து முடித்த சேலையைக் கொடுக்க வந்த என் அப்பாவும் அங்கேதான் நின்றிருந்தார். அவர் பக்கம் மைக் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: "கட்டறவங்கள கேக்கறாங்க, விக்கறவங்கள கேக்கறாங்க. நெய்யறவன ஒருத்தனும் கேக்கலியேப்பா!"

அந்த வார்த்தை இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

வானொலிக்கு விளம்பரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருமானம் இல்லாமல் நிலையம் எப்படி ஓடும்? ஆனால் கீ செயின் கொடுத்துப் பிடித்த நேயர் அது தொலையும் வரைதான் நேயர். வாழ்க்கைக்கு உதவினால் தலைமுறைக்கும் மறக்கமாட்டார். 1960களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 நெல் ரகத்தைப் பற்றி விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னது. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "ரேடியோ நெல்"! எந்த விளம்பரக் கம்பெனியால் இப்படி ஒரு பெயரை வாங்கித் தர முடியும்?

மக்கள் இருக்கும் இடத்துக்கு வானொலி போவதும் புதிதல்ல. 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பு தொடங்கியபோது வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். அதனால் கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். காற்று வாங்க வந்தவர்கள் பாட்டும் கேட்டார்கள்.

இன்று வழி இன்னும் சுலபம். அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கியது. 2016-இல் பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' வந்தது. சமுதாய வானொலியில் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் செய்யலாம் என்று 2024-இல் அனுமதி கிடைத்தது. அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய் என்றும் நிர்ணயித்தார்கள். இந்த ரேட்டை ஒட்டிக் கேட்டால் எங்கள் ஊர் டீக்கடைக்காரரும் டெய்லரும்கூடத் துணிந்து விளம்பரம் கொடுப்பார்களே!

உள்ளூர் நிலையங்கள் என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

அமாவாசையன்று முன்னோர் கடன் தீர்க்கத் திருப்புட்குழிக்கு ஜனங்கள் வருகிறார்கள். குழந்தை வரம் வேண்டி, வறுத்த பயறு மடியில் முளைக்கும் என்ற நம்பிக்கையோடு பெண்கள் வருகிறார்கள். அங்கே ஒரு பந்தல் போடுங்கள். பஸ் நேரம், குடிதண்ணீர் இருக்கும் இடம், தொலைந்த பிள்ளை பற்றிய அறிவிப்பு என்று சொல்லுங்கள். ஸ்தல புராணத்தை ஊர்ப் பெரியவர் வாயாலேயே பதிவு செய்யுங்கள்.

அடுத்து, மைக்கைத் தறிக்குழிக்குக் கொண்டு வாருங்கள். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் வர, தனித்தனி நாடா ஓட்டி, பக்கத்தில் ஓர் ஆள் உதவியோடு கோர்வை போடும் வேலையை நெய்பவரே சொல்லட்டும். விசைத்தறிச் சேலைக்கும் கைத்தறிச் சேலைக்கும் என்ன வித்தியாசம், அசல் ஜரிகையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவரே விளக்கட்டும். ஏமாறாத வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்தால் ஒரு தறி பிழைக்கும். என் அண்ணன் தறியை விட்டு ஒரகடம் கம்பெனி பஸ் ஏறிவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூலி கட்டுபடியானால் போயிருப்பானா?

சரி, வானொலிக்காரர் மட்டும்தான் செய்ய வேண்டுமா? நாம் பாலிடெக்னிக் மாணவர்கள்! சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெசவாளர் தெருவில் இலவச ரேடியோ பழுதுபார்க்கும் முகாம் போடுவோம். பரணில் தூங்கும் பழைய பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, பேட்டரி முனையில் பிடித்த பச்சையைச் சுரண்டி, அலைவரிசையை வைத்துக் கொடுப்போம். கை ஓயாமல் நெய்பவருக்குக் காது மட்டும்தானே சும்மா இருக்கிறது! பேசுகிற ஒவ்வொரு பெட்டியும் நிலையத்துக்கு ஒரு புது நேயர். நமக்கோ செலவில்லாத செய்முறைப் பயிற்சி!

மாணவர் பேரவை இந்த ஆண்டே இதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள். முகாமுக்கு உள்ளூர் நிலையத்தையும் அழைப்போம். வண்டி வந்தால் முதல் மைக் என் அப்பாவுக்கு.

வண்டி வராவிட்டால்? ஸ்க்ரூ டிரைவரோடு நாம் போவோம்!