எண்ணிக்கை போதும், பெயரைச் சொல்லுங்கள்

வேலூர் லாங் பஜாரில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு நினைவாகக் கட்டிய மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. 1914-18 பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் பதித்த கல்வெட்டு சொல்கிறது. அந்தப் பதினான்கு பேர் யார், எந்தத் தெருக்காரர்கள் என்று அதில் ஒரு வரி இல்லை. ஆள் பிடித்த அரசு கணக்கை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டது.

அந்த அரசு போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கணக்கு எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளில் மாவட்டத்துக்கு ஒரு வசூல் இலக்கு, துறைக்கு ஓர் இலக்கு என்று பிரித்துக் கொடுக்கிறோம். இலக்கைத் தாண்டியவர்களுக்குச் சான்றிதழ் தருகிறோம். யாருக்காக இந்த வசூலோ அவர் பெயர் மட்டும் எங்கும் ஒலிப்பதில்லை. கொடிநாளை அலுவலக மேசையிலிருந்து எடுத்து ஊர் மந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது நம் கருத்து.

பாதுகாப்பு அமைச்சரின் கீழ் அமைந்த குழு, 1949 ஆகஸ்ட் 28-இல் எடுத்த முடிவில் பிறந்தது கொடிநாள். முப்படைகளைக் குறிக்கச் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறத்தில் ஒரு சின்னக் கொடி. போரில் பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வு, பணியில் இருக்கும் வீரர்கள் மற்றும் அவர்கள் குடும்பங்களின் நலன், முன்னாள் படைவீரர்களின் நலன் ஆகிய மூன்றும் அதன் நோக்கங்கள். கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கிறவர் தன் ஊர்ப் பட்டாளத்துக்காரரை ஒரு நாளாவது நினைக்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

இன்று நடப்பது வேறு. பள்ளிப் பிள்ளை கையில் கொடியைக் கொடுத்து, காசு வாங்கி வா என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அரசு அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கப் போனவர் ரசீதோடு ஒரு கொடியையும் வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி திரும்புகிறார். கொடுத்தவருக்குப் பணம் யாரிடம் போகிறதென்று தெரியாது. அதைப் பெற வேண்டியவரில் பலருக்கு அப்படி ஒரு நிதி இருப்பதே தெரியாது. ஈகையாக இருக்க வேண்டியது தண்டல் ஆகிவிட்டது.

இந்த நிதி யாருக்கு அவசியம் என்பதைப் பார்த்தால் பெயரின் அருமை புரியும். படையில் சிப்பாயாக 15 ஆண்டு முடித்தால்தான் வழக்கமான ஓய்வூதியம். அதற்குள் வெளியே வர நேர்ந்தவர்களில் பலருக்கு மாதா மாதம் வரும் பணம் கிடையாது. ஓய்வூதியம் இல்லாத, 65 வயதைக் கடந்த முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் கொடிநாள் நிதியின் வழியாக வறுமை உதவித்தொகை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2025 நவம்பர் 1 முதல் 8,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. பிள்ளைகளின் கல்வி உதவி மாதம் 1,000-இலிருந்து 2,000 ஆகவும், திருமண உதவி 50,000-இலிருந்து ஒரு லட்சமாகவும் ஆகியுள்ளன. இவற்றை மனதார வரவேற்கிறோம்.

ஆனால், உதவி இருக்கிறது என்பது வேறு, கைக்கு வந்து சேர்கிறது என்பது வேறு. கணவரின் படை ஆவணத்தில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. அந்த ஓர் எழுத்தைத் திருத்த ஒரு மூதாட்டி பேருந்து ஏறி மாவட்டத் தலைநகருக்கு எத்தனை முறை அலைய வேண்டும்? டிஸ்சார்ஜ் புத்தகம் கறையான் அரித்த வீட்டில் மனுவை யார் எழுதித் தருவது? மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அது கதவைத் தட்டுகிறவருக்குத்தான் உதவ முடியும். கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாதவரை ஊர்தான் கைபிடித்து அழைத்துப்போக வேண்டும்.

பெயர் சொல்லி நினைப்பது நமக்குப் புதிதல்ல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல், இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. ஆநிரை கவரும் சண்டையில் மாண்டவனின் பெயர், ஊர், சாவின் காரணம் எல்லாம் தமிழ் பிராமி எழுத்தில் சில சொற்களுக்குள் அடங்கிவிட்டன. அந்த மனிதன் இன்றும் பெயரோடு இருக்கிறான். வேலூரின் பதினான்கு பேர் நூறாண்டுக்குள் வெறும் எண்ணாகிவிட்டார்கள்.

நம்மை ஆண்டவர்களே தங்கள் ஊர்களில் அப்படி விடவில்லை. இங்கிலாந்தின் சிற்றூர்களில் தேவாலயத்து ஓரமாக நிற்கும் நினைவுத் தூண்களில் மாண்டவர் பெயர் வரிசையாக இருக்கும். நவம்பர் இரண்டாம் ஞாயிறு ஊர் அங்கே கூடும், பெயர்களை வாசிப்பார்கள், இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். 1921-இல் தொடங்கிய சிவப்புப் பாப்பிப் பூ நிதிக்கு அதையொட்டித்தான் உண்டியல் குலுங்கும். பூவுக்கு விலை கிடையாது, கொடுப்பதைக் கொடுக்கலாம். பெயரைக் கேட்டபின் கை தானாகப் பைக்குள் போகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

தில்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அவர்கள் பிறந்த ஊர்களில் எத்தனையில் ஒரு பலகையாவது இருக்கிறது? 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்நீத்த ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனியை அன்று நாடே அறிந்தது. இறுதி ஊர்வலத்துக்குக் கூட்டம் தானாக வரும். ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு அந்த வீட்டுப் படியேறுவதற்குத்தான் ஓர் ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடு கையிலேயே இருக்கிறது. தமிழகத்தில் நவம்பர் 1 கிராம சபை நாள். அன்று ஒவ்வோர் ஊராட்சியும் படையில் மாண்டவர், பணி முடித்துத் திரும்பியவர், அவர்களின் விதவைகள் ஆகியோரின் பட்டியலைப் படித்து உறுதி செய்யட்டும். ஓய்வூதியம் வராதவர் யார், மனு எங்கே நிற்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். டிசம்பர் 7 காலை ஊர்ப் பொது இடத்தில் அந்தப் பெயர்களை ஒரு பள்ளிப் பிள்ளை வாசிக்கட்டும். அதன்பின் உண்டியல் வைக்கலாம். ஜனவரி 26 கிராம சபையில், இவ்வளவு வந்தது, இவ்வளவு அனுப்பினோம், நம் ஊரில் இன்னாருக்கு இன்ன உதவி கிடைத்தது என்று கணக்குச் சொல்லட்டும். வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போனதால் ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயரெடுத்த வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் இதில் முதல் அடி எடுத்து வைக்கலாம்.

வீரர்களைக் காப்பது அரசின் கடமை, அதற்கு உண்டியல் எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஓய்வூதியம் உரிமை, அதில் ஒரு பைசாவையும் ஊர் உண்டியலின் தலையில் கட்ட அரசுக்கு உரிமை இல்லை. விதிகளின் இடுக்கில் விழுந்துவிட்டவரைத் தூக்கிவிடுவதற்குத்தான் இந்த நிதி. இலக்கை நீக்கினால் வசூல் குறையும் என்பது அடுத்த வாதம். முதல் ஓரிரு ஆண்டு குறையலாம். முகம் சுளித்துக் கொடுத்த நூறை விட மனம் வைத்துக் கொடுத்த பத்து அடுத்த ஆண்டும் வரும். போரைக் கொண்டாடுவதாக, கட்சி மேடையாக, சாதிப் பெருமையாக இது திரிந்துவிடாதா என்ற அச்சமும் வீணானதல்ல. அதற்கு வழி, மேடையே போடாதிருப்பது. பேச்சு வேண்டாம், பேனர் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். பெயர்ப் பட்டியலும் இரண்டு நிமிட மௌனமும் போதும்.

இதைத் தள்ளிப்போடக் காலமில்லை. 2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணியினரின் நான்கு ஆண்டு 2026-27-இல் முடிகிறது. நிரந்தரப் பணியில் வைத்துக்கொள்வது அதிகபட்சம் 25 விழுக்காட்டினரை. மற்றவர்கள் ஒரு மொத்தத் தொகையோடு, ஓய்வூதியம் இல்லாமல், இருபதுகளின் நடுவில் ஊர் திரும்புவார்கள். அவர்களில் யார் தடுமாறுகிறார் என்பது அலுவலகக் கோப்புக்குத் தெரியும் முன்னே டீக்கடைக்குத் தெரிந்துவிடும். அந்த அறிவை உதவியாக மாற்றுவதற்கும் ஊருக்கு ஆண்டில் ஒரு நாள் வேண்டும்.

எனவே, வரும் கொடிநாளுக்கு வசூல் இலக்குச் சுற்றறிக்கை போகும் முன், பெயர்ப் பட்டியல் கேட்டு ஒரு சுற்றறிக்கை போகட்டும். டிசம்பர் 7 மாலை ஊராட்சிச் செயலரிடம் உண்டியலில் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், “யார் யார் பெயரை வாசித்தீர்கள்?” என்று ஆட்சியர் கேட்கட்டும்.