ஐப்பசி வெங்காயம்: செலவும் நோயும் விதையில்தான்

சின்ன வெங்காய சாகுபடியில் முன்னணியில் உள்ள பெரம்பலூரிலும், அடுத்துள்ள அரியலூரிலும் ஐப்பசிப் பட்ட நடவு நெருங்குகிறது. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதை வெங்காயம் தேவை. விலை ஏறிய ஆண்டில் இதுவே பெருஞ்செலவு; நோயுள்ள காயை நட்டால் அழுகலும் கூடவே வயலுக்கு வரும்.

இதற்கு மாற்றாக, கோ ஆன் 5 ரகத்தில் ஏக்கருக்கு 1 கிலோ விதை போதும். ஆனால் நாற்று வளர 40 நாளாகும் என்பதால், புரட்டாசியிலேயே நாற்றங்கால் விடுங்கள்.

எதை நட்டாலும், ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து நிலத்தில் இடுங்கள். கரிசலில் மழைநீர் தேங்கினால் அழுகலும் திருகல் நோயும் பெருகும். மேட்டுப்பாத்தி அமைத்து, வடிகால் எடுத்த பிறகே நடுங்கள். நோய் வந்தபின் மருந்துக்குச் செலவழிப்பதைவிட இது மலிவு.