குடிப்பிறப்பும் மறமும்

வாளெடுத்துக் களம் புகுவதே மறம் என்பார் பலர். கொலைஞன் முன் அஞ்சாது நிற்றலும், விலங்கிடப்பட்ட நிலையிலும் கற்பித்தலைக் கைவிடாமையும் அதனினும் அரிய மறமாகும். இதற்குச் சான்றாக வாழ்ந்தவர் போலந்து நாட்டுக் கோமாட்டி கரோலினா இலாங்கொரோன்சுக்கா.

1898-ஆம் ஆண்டில் ஆத்திரிய நாட்டில் அவர் பிறந்தார். தந்தையார் போலந்துக் கோமகன்; வியன்னா நகரில் அரண்மனையும் அரிய ஓவியத் தொகுப்பும் உடையவர். தாயார் செருமானிய உயர்குடியினர். தாய்வழியைக் காட்டி வல்லாரோடு ஒட்டி வாழ அவரால் இயன்றிருக்கும். அவரோ போலந்தையே தம் நாடாகக் கொண்டார். அந்நாளில் போலந்துக்குரியதாயிருந்த இலிவூவ் நகர்ப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பித்தார்.

1939 செப்தம்பரில் மேற்கிலிருந்து செருமானியரும் கிழக்கிலிருந்து உருசியரும் போலந்தைப் பங்கிட்டுக் கொண்டனர். ஓரினத்தை அடிமைப்படுத்த விழைவோர் முதற்கண் அதன் அறிவாளரை அழிப்பர். அவ்வாண்டு நவம்பர் 6-ஆம் நாள், கூட்டமொன்றிற்கென அழைத்துக் கிராக்கோவ் பல்கலைக்கழக ஆசிரியர் உள்ளிட்ட 183 பேரைச் செருமானியர் சிறைப்பிடித்தனர். போலந்து மக்களுக்கு உயர்கல்வியே கூடாதென்று பல்கலைக்கழகங்களை மூடினர். இலிவூவைக் கைப்பற்றியதும், 1941 சூலையில் 20-க்கு மேற்பட்ட பேராசிரியரை ஓரிரவில் இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றனர்.

இக்கொடுமைகளுக்கிடையே கோமாட்டியார் மறைவியக்கத்தில் உறுதிமொழி ஏற்றுப் பணியாற்றினார். வெளிப்படையாகச் சிறைப்பட்டோர்க்கு உணவு சேர்க்கும் உதவிக்குழுவில் உழைத்தார். 1942 மே திங்களில் செருமானியக் கமுக்கக் காவலர் அவரைச் சிறைப்பிடித்தனர். உசாவிய குரூகர் என்னும் அலுவலன், இவர் உயிரோடு மீளப்போவதில்லை என்னும் செருக்கினால், இலிவூவ்ப் பேராசிரியர் கொலையில் தனக்குப் பங்குண்டு என அவர் முன்னிலையிலேயே கூறிவிட்டான். உடன் பணியாற்றிய அறிஞர்க்கு நேர்ந்த முடிவு அவருக்கு அன்றே உறுதியாயிற்று. அச்செய்தியைத் தம்மோடு புதைந்துபோக அவர் விடவில்லை. சிறையிலிருந்தவாறே அதனை எழுதி வைத்தார். போர் முடிந்து பல்லாண்டு சென்றபின், 1967-இல் செருமனியின் மியூன்சுட்டர் நகர வழக்கு மன்றத்தில் குரூகருக்கு எதிராக நேர்நின்று சான்றுரைத்தார். யூதரைக் கொன்று குவித்த குற்றத்திற்காக 1968-இல் அவனுக்கு வாழ்நாட்சிறை கிடைத்தது. பேராசிரியர் கொலைக்கென அவ்வழக்கில் ஒறுப்பேதும் வழங்கப்படவில்லை என்பது அறத்தின் முன் இன்றும் நிற்கும் கடன்.

இங்கு ஒரு வினா எழலாம். சாவொறுப்பினின்று அவரைக் காத்தது குடிப்பிறப்பன்றோ? உண்மையே. இத்தாலிய அரச குடியினர் இட்லரின் கையாளான இம்லரிடம் அவர்பொருட்டுப் பேசினர். அதனால் உயிர் தப்பியது. எளிய குடியிற் பிறந்த எண்ணற்ற பெண்டிர்க்கு அவ்வாறு பேசுவார் ஒருவருமிலர். இவ்வேற்றுமையை மறைத்து அவரைப் புகழ்வது முறையன்று. ஆயினும், பிறப்பால் வந்த அந்நலத்தை அவர் என் செய்தார் என்பதே ஆராயத்தக்கது. 1943-இல் இராவென்சுபுரூக் என்னும் பெண்கள் கொடுஞ்சிறையில் அவர்க்குத் தனியறையும் தனியேந்துகளும் தரப்பட்டன. அவற்றை வேண்டாவென மறுத்து, ஏனைப் பெண்டிரோடு தம்மையும் அடைக்குமாறு கேட்டார். பசியும் நோயும் சாவும் சூழ்ந்த அக்கொட்டடிகளில், உடனிருந்தார்க்கு வரலாறும் கலையும் மறைவாகக் கற்பித்தார். எண்களாக மாற்றப்பட்ட அப்பெண்கள், பாடங்கேட்ட அளவில் மீண்டும் மாந்தராயினர். பகைவன் மூடிய பல்கலைக்கழகம் அவன் சிறைக்குள்ளேயே திறக்கப்பட்டது! இதனினும் பெரிய எதிர்ப்பு யாதுளது?

1945 ஏப்பிரலில், செஞ்சிலுவைக் கழகத் தலைவர் புர்க்கார்ட்டின் முயற்சியால் விடுதலை பெற்றார். போலந்துப் படைமறவர் இத்தாலியப் பல்கலைக்கழகங்களிற் பயில வழிசெய்தார். உரோமில் வாழ்ந்து, அறக்கட்டளை வழியே போலந்து அறிஞரைப் புரந்தார். தந்தையார் தொகுத்த ஓவியச் செல்வத்தை 1994-இல் கிராக்கோவ், வார்சா அரண்மனைகளுக்கு ஈந்தார். அவற்றுள் இரெம்பிராண்டு தீட்டியனவும் இரண்டு. 2002-இல் 104-ஆம் அகவையில் மறைந்தார்.

உயர்குடிப் பிறப்பு ஒருவரைத் தானாக உயர்த்துவதில்லை. வேற்றவர் படை நுழையுங்கால் முதலில் வளைந்து கொடுக்கும் முதுகுகளுட் பல, உடைமை மிக்கார் முதுகுகளே என்பது வரலாறு காட்டும் உண்மை. இழப்பதற்கு மிகுதியாய் உடையவர் அஞ்சுவது இயல்பு. அவ்வியல்பை வென்று, உடைமை, உயிர், அறிவு மூன்றையும் மக்கட்குரியனவாக்கினாரே, அதுவே அவர் பெருமை. கற்றவரும் உடையவரும் தம் மக்கள் துன்புறும் நாளில் எப்பக்கம் நிற்கின்றனர் என்பதைக் கொண்டே அவர்தம் குடிப்பிறப்பு அளக்கப்படும்.